எல்லாவற்றுக்கும் ‘உடம்பு சூடு’ காரணமில்லை

வானொலியில் உடல்நல நேரம் என்றால் நேயர்கள் தயங்காமல் அழைப்பார்கள். முட்டிவலி, இரத்த அழுத்தம், முடி கொட்டுவது என்று எதையும் பேசுவார்கள். ஒரு விஷயம் மட்டும் நேரலையில் வருவதில்லை. நிகழ்ச்சி முடிந்த பிறகு, ‘என் பேரைச் சொல்லிடாதீங்க அக்கா’ என்ற வேண்டுகோளோடு வாட்ஸ்அப்பில் வரும். “ஒரு வாரமா அரிப்பு, வெள்ளைப்படுது. அம்மா உடம்பு சூடுன்னு சொல்றாங்க. என்ன செய்யறது?”

இளநீரும் வெந்தயமும் குடிக்கலாம், தவறில்லை. ஆனால் அரிப்பு, எரிச்சலோடு திரிந்த பால் போலக் கெட்டியாக, வாடை இல்லாமல் வெள்ளைப்பட்டால், ‘கேண்டிடா’ என்ற பூஞ்சை காரணமாக இருக்கலாம். அதற்கு இளநீர் மருந்தாகாது.

இந்தப் பூஞ்சை வெளியிலிருந்து வந்து ஒட்டிக்கொள்வதல்ல; பெரும்பாலும் நம் உடலிலேயே சிறிதளவு இருப்பதுதான். நல்ல பாக்டீரியாக்கள் அதை அடக்கி வைத்திருக்கும். ஆண்டிபயாட்டிக் சாப்பிடும்போதும், கர்ப்ப காலத்திலும், இனிப்பு நீர் கட்டுப்பாட்டில் இல்லாதபோதும் அது பெருகிவிடுகிறது. நான்கில் மூன்று பெண்களுக்கு வாழ்நாளில் ஒரு முறையாவது இது வரும். சுத்தமில்லாதவர்களுக்கு வரும் நோய் என்று வெட்கப்படத் தேவையே இல்லை.

மருந்து எப்படி வேலை செய்கிறது? பூஞ்சையின் செல் உறைக்கு எர்கோஸ்டிரால் என்ற பொருள் வேண்டும். மனித செல்களில் அதற்குப் பதிலாகக் கொலஸ்ட்ரால் இருக்கிறது. குளோட்ரிமசோல், ஃபுளுகோனசோல் போன்ற மருந்துகள் எர்கோஸ்டிரால் உருவாவதைத் தடுத்துவிடும். பாக்டீரியாவைக் கொல்லும் ஆண்டிபயாட்டிக் பூஞ்சையை ஒன்றும் செய்யாது. அலமாரியில் மீந்து கிடக்கும் மாத்திரையைப் போட்டால் தொல்லை கூடத்தான் செய்யும்.

இன்றும் புழக்கத்தில் இருக்கும் ‘நிஸ்டாட்டின்’ என்ற பூஞ்சைக்கொல்லி மருந்தைக் கண்டுபிடித்தவர்கள் இரண்டு பெண்கள். அமெரிக்காவின் எலிசபெத் ஹேசனும் ரேச்சல் பிரவுனும் மண் மாதிரிகளிலிருந்து பிரித்தெடுத்த அந்த மருந்தை 1950-இல் அறிவித்தார்கள். நியூயார்க் மாநிலத்தின் பெயரையே அதற்குச் சூட்டினார்கள். அதில் கிடைத்த உரிமத் தொகையைத் தங்களுக்கென்று வைத்துக்கொள்ளாமல் அறிவியல் ஆராய்ச்சிக்கே கொடுத்துவிட்டார்கள்.

இப்போது பொதுவாகத் தரப்படுவது, இரவில் பிறப்புறுப்பின் உள்ளே வைக்கும் குளோட்ரிமசோல் மாத்திரை. அளவைப் பொறுத்து ஒரே நாளிலிருந்து ஏழு நாள்கள் வரை பயன்படுத்த வேண்டும். அரிப்பு நின்றதும் பாதியில் நிறுத்தக்கூடாது. விழுங்குவதற்கு ஃபுளுகோனசோல் 150 மில்லிகிராம், பெரும்பாலும் ஒரே ஒரு வேளை. கர்ப்பிணிகள் இதைத் தவிர்க்க வேண்டும். வார்ஃபரின் போன்ற மருந்து சாப்பிடுபவர்கள் முதலிலேயே மருந்தாளுநரிடம் சொல்லிவிட வேண்டும். பூண்டு, வினிகர், தயிர் ஆகியவற்றை உள்ளே வைப்பதோ, சோப்பு போட்டு உள்ளே கழுவுவதோ வேண்டாம், எரிச்சல்தான் மிஞ்சும்.

மீன் வாடையோடு சாம்பல் நிறத்தில் அல்லது மஞ்சள், பச்சை நிறத்தில் பட்டால் அது வேறு தொற்றாக இருக்கலாம், மருந்தும் வேறு. அடிவயிற்று வலி, காய்ச்சல் இருந்தாலும், முதன்முறையாக வந்திருந்தாலும், கர்ப்பமாக இருந்தாலும் நேரே மருத்துவரிடம் போய்விடுங்கள்.

ஒரே ஆண்டில் மூன்று, நான்கு முறை வந்தால் இரத்தத்தில் சர்க்கரை அளவைப் பரிசோதிப்பது முக்கியம். 2023-ஆம் ஆண்டின் தேசிய உடல்நல ஆய்வின்படி, மலேசியாவில் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு, அதாவது ஏறக்குறைய ஆறில் ஒருவருக்கு, இனிப்பு நீர் இருக்கிறது. தமக்கு அது இருப்பதே தெரியாதவர்களும் அதில் பலர். திரும்பத் திரும்ப வரும் அரிப்பு அதன் முதல் அறிகுறியாகவும் இருக்கலாம்.

மருந்தகத்தில் நாலு பேர் முன்னால் சொல்லக் கூச்சமாக இருந்தால், கைப்பேசியில் எழ்திக் காட்டுங்கள்: எத்தனை நாளாக, என்ன நிறம், வாடை உண்டா, கர்ப்பமா, வேறு என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள், இதற்கு முன் எத்தனை முறை வந்தது. மருந்து வாங்கப் போவது கணவராக இருந்தாலும் இதையே அனுப்பி வையுங்கள். மருந்தாளுநருக்கு இந்த ஆறு பதில்கள் பெரிய உதவியாக இருக்கும்.