காஞ்சொறியும் தும்பறை நாரும்

முதல் உலகப்போரின்போது பருத்தி கிட்டாத ஜெர்மானியர், மேனாட்டுக் காஞ்சொறியின் தண்டுநாரைக் கொண்டு படைவீரர் உடை நெய்தனர். அதனை நம் வறண்ட மேட்டுநிலங்களிலும் பயிரிடலாமே என எண்ணுவோர் உளர். ஆனால், அச்செடி ஈரமும் உரமும் மிக்க மண்ணையே நாடுவது. வறட்சி தாங்கும் நார்ச்செடியைத் தேடி அத்துணைத் தொலைவு செல்லவும் வேண்டுவதில்லை. கண்டியை அடுத்த தும்பறைப் பகுதியில், சிங்களத்தில் ‘ஹண’ எனப்படும் நார்க்கற்றாழை தலைமுறை தலைமுறையாகப் பயன்பட்டு வருகிறது. ஹெனவலக் கிராமத்துக் கைவினைஞர் அதன் தடித்த மடலைக் கட்டைமீது வைத்துச் சுரண்டி, வெண்ணாரைப் பிரித்தெடுப்பர். பதங்கக் கட்டையுடன் கொதிக்கவைத்துச் சிவப்பேற்றிப் பாய் நெய்வர். 2021இல் யுனெஸ்கோ இக்கலையை மனிதகுல மரபுப் பட்டியலில் சேர்த்தது. எனினும், மடல் சுரண்ட முன்வரும் இளைஞர் அருகியே வருகின்றனர்.