மலைநாட்டு மாணவனும் குறிஞ்சித் திணையும்

தமிழிலக்கியம் கற்பிக்கும் ஆசிரியர் எவரும் ஐந்திணையைத் தொடாது ஓராண்டைக் கடத்துவதில்லை. குறிஞ்சிக்குத் தெய்வம் முருகன், உணவு தினை, தொழில் தேனெடுத்தல் என்று மாணாக்கர் மனனஞ் செய்து எழுதிப் புள்ளியும் பெறுகின்றனர். ஆயின், ஹற்றனிலோ பண்டாரவளையிலோ இருந்து இதனைப் படிக்கும் மாணவன், வகுப்பறைச் சாளரத்தின் வழியே தெரியும் மலையும் இலக்கியத்துக்குரிய மலையே என்று எண்ணுகின்றானா? கொழுந்து பறிக்கும் தன் தாயின் தொழிலும் ஒரு நிலத்தின் கருப்பொருளே என்று அவனுக்கு எவரேனும் சொல்லியதுண்டா?

இது சிறிய வினாவன்று. தன் வீட்டாரின் பேச்சும் பாட்டும் நூலேறத் தகாதவை என்று நம்பும் பிள்ளை, கட்டுரை எழுதும்போது தான் காணாத காட்சிகளை இரவல் வாங்கி எழுதுகின்றது. நாளடைவில், தமிழ் என்பது பரீட்சையோடு முடிந்துபோகும் ஒரு பாடம் என்றே அதன் மனத்திற் பதிந்துவிடுகின்றது.

நம் நாட்டில் இலக்கியத்துக்குப் பஞ்சமில்லை. கண்டியிற் பிறந்த சித்திலெப்பை 1885 ஆம் ஆண்டில் ‘அசன்பேயுடைய கதை’யை வெளியிட்டார். தமிழின் முதல் நாவல் அச்சேறி அப்போது ஆறு ஆண்டுகளே ஆகியிருந்தன. தோட்டத் தொழிலாளரின் பாடல்களைச் சி. வி. வேலுப்பிள்ளை திரட்டித் தந்தார். தெளிவத்தை ஜோசப் மலையக வாழ்வைச் சிறுகதைகளாக வடித்தார். யாழ்ப்பாணத்துச் சாதிக்கொடுமையைக் கே. டானியல் 1972 இல் ‘பஞ்சமர்’ நாவலில் எழுதினார். இத்தகையோருக்குப் பாடநூல்களில் இடமே இல்லையென்று நாம் சொல்லோம். இருப்பனவும் பெரும்பாலும் வினாவிடைக் குறிப்புகளாய்ச் சுருங்கிவிடுகின்றன என்பதே நம் கவலை.

பேச்சு வழக்கு வகுப்பினுட் புகுந்தால் செந்தமிழ் கெடாதோ என்று சிலர் அஞ்சுவர். தொல்காப்பியர் செய்யுட்குரிய சொற்களை வகுத்தபோது, இயற்சொல், திரிசொல், வடசொல் என்பவற்றோடு திசைச்சொல்லையும் சேர்த்தே எண்ணினார். தோட்டத்தின் ‘பெரட்டு’ம், யாழ்ப்பாணத்தின் ‘சங்கடப்படலை’யும், மட்டக்களப்பின் ‘போடியா’ரும் வகுப்பில் ஒலிப்பதால் தமிழ் வளம் பெறுமேயன்றிக் குன்றாது.

பழைய நூல்களைக் குறைத்து இவற்றைப் படிப்பிக்க வேண்டும் என்பது நம் கருத்தன்று. இரண்டையும் அருகருகே வைத்தால் ஒன்று மற்றொன்றை விளக்கும். ஐந்திணைப் பாடம் முடிந்த மறுநாள், ஒவ்வொரு மாணவரும் தம் ஊரின் உணவு, மரம், பறவை, தொழில், பறை ஆகியவற்றை அட்டவணையாக்கட்டும். மலைநாட்டு மாணவன் தேயிலையை எழுதுவான். 1867 இல் லூல்கந்துரத் தோட்டத்தில் அது வணிகப் பயிராக நடப்பட்ட வரலாற்றையும், தென்னிந்தியாவிலிருந்து வந்து உழைத்த தன் மூதாதையரின் வரலாற்றையும் தேடி அறிவான். பாட்டிமாரிடம் தாலாட்டும் ஒப்பாரியும் கேட்டு எழுதிவரலாம். அதன்பின் அந்நிலத்துச் சிறுகதையொன்றை வகுப்பில் வாய்விட்டு வாசிக்கலாம். மாதம் இரண்டு பாடவேளைகள் இதற்குப் போதும்.

தன்னூரை அறிவதோடு பிள்ளை நின்றுவிடலாகாது. யாழ்ப்பாணத்துப் பிள்ளை லயத்து வாழ்வையும், தோட்டத்துப் பிள்ளை மட்டக்களப்பு வயல்வெளியையும், சைவப் பிள்ளை முஸ்லிம் இல்லத்துக் கதையையும் படித்தல் வேண்டும். சிங்களக் கிராமமொன்றின் மாற்றத்தைக் கூறும் மார்ட்டின் விக்கிரமசிங்கவின் ‘கம்பெரலிய’ (1944) தமிழிலும் பெயர்க்கப்பட்டுள்ளது. ஒரே தீவில் வாழ்ந்தும் ஒருவரையொருவர் அறியாதிருந்ததால் நாம் இழந்தவை கொஞ்சமா?

இதனாற் பரீட்சைப் புள்ளி குறையும் என்று பெற்றோர் கலங்க வேண்டியதில்லை. தான் கண்டதை எழுதப் பழகிய பிள்ளைக்குக் கட்டுரை வினா சுமையாகாது. பிள்ளைகள் கையேட்டுடன் வந்து பழைய பாட்டொன்றைக் கேட்டால், “அதெல்லாம் இப்போது எதற்கு?” என்று தள்ளிவிடாது, நினைவிலுள்ள அளவேனும் பாடிக் காட்டுங்கள். அதனைத் தமிழ்ப் பாடத்தின் ஒரு பகுதியாக்கும் பொறுப்பை ஆசிரியராகிய நாம் ஏற்றுக்கொள்வோம்.