ஏழு பங்கும் மீதி ஒரு ரூபாயும்

ஒரு சுய உதவிக் குழுவில் 7 பேர். கடனாக வந்த 10 லட்சம் ரூபாயைச் சமமாகப் பிரிக்க வேண்டும். ஆளுக்கு 1,42,857 ரூபாய் கிடைக்கும். 1 ரூபாய் மீதி நிற்கும்.

142857 ஒரு விந்தையான எண். இதை 2ஆல் பெருக்கினால் 285714. 3ஆல் பெருக்கினால் 428571. 4ஆல் 571428. 5ஆல் 714285. 6ஆல் 857142. உற்றுப் பாருங்கள். அதே ஆறு இலக்கங்கள், அதே வரிசை. தொடங்கும் இடம்தான் மாறுகிறது. ராட்டினம் சுற்றுவது போல!

7ஆல் பெருக்கினால்? 999999. பத்து லட்சத்துக்கு ஒன்று குறைவு. அந்த ஒன்றுதான் நம் மீதி ரூபாய்.

இது மந்திரம் அல்ல. பத்து லட்சத்தை 7ஆல் வகுத்துப் பாருங்கள். 3, 2, 6, 4, 5, 1 என்று மீதிகள் வரும். 1க்குப் பின் மறுபடியும் 3. மீதிகள் சுற்றி வருவதால் இலக்கங்களும் சுற்றுகின்றன. 20 லட்சத்தை வகுத்தால், அதே ராட்டினத்தில் வேறு இடத்தில் ஏறுகிறோம். அவ்வளவுதான்.

இன்னொன்று. 142857ஐ அதே எண்ணால் பெருக்கினால் 20408122449. இதை 20408, 122449 என்று பிரித்துக் கூட்டுங்கள். மீண்டும் 142857! இத்தகைய எண்களுக்குக் காப்ரேகர் எண்கள் என்று பெயர். காப்ரேகர் (1905–1986) மகாராஷ்டிரத்தில் தேவ்லாலி ஊரின் பள்ளி ஆசிரியர்.

ஒன்றுக்குப் பின் எத்தனை பூஜ்யம் போட்டாலும், அந்தத் தொகை 7 பேருக்கு மீதியின்றிப் பிரியாது. ஆகவே மீதியையும் கணக்கு நோட்டில் எழுதுங்கள். மீதி எழுதிய கணக்கில் சந்தேகம் வராது.