எய்தவனும் கண்டவனும்

காரவள்ளி அடிவாரத்திலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து கொல்லிமலைக்கு ஏறுகிறவர்களில் பெரும்பாலோர் ஆகாய கங்கை அருவியையும் அறப்பளீசுவரர் கோயிலையும் பார்த்துவிட்டு, கொஞ்சம் மிளகும் பலாப்பழமும் வாங்கிக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். ஆடிப் பதினெட்டை ஒட்டிச் செல்பவர்கள் மாத்திரம், செம்மேட்டில், சங்க காலத்தில் இம்மலையை ஆண்ட வல்வில் ஓரிக்கு அரசாங்கம் எடுக்கிற விழாவையும், அதை முன்னிட்டு நடக்கும் வில்வித்தைப் போட்டியையும் காணும் பாக்கியம் பெறுகிறார்கள். அங்கே வில்லேந்தி நிற்கும் இளைஞன் ஒருவனிடம், 'எப்படித் தம்பி குறி தப்பாமல் அடிக்கிறாய்?' என்று கேட்டால், அவன் கூச்சத்தோடு சிரித்து, 'பழக்கந்தானுங்க' என்று சொல்லி அடுத்த அம்பை எடுப்பானே ஒழிய, அதற்குமேல் ஒரு வார்த்தை அவனிடமிருந்து பெயராது. வேலிக்கு இப்பால் நிற்கும், வில்லைத் தொட்டே அறியாத பெரியவரோ, முழங்கை தாழ்ந்தது, மூச்சு கலைந்தது என்று அரைமணி நேரம் பிரசங்கம் செய்வார். இவ்விருவரில் வித்தையை அறிந்தவர் யார்?

இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு ஒரு தேசமே கால் நூற்றாண்டுக் காலம் சண்டையிட்டிருக்கிறது. அந்தத் தேசம் அமெரிக்கா. சண்டைக்குக் காரணம் பேஸ்பால். நம் கிரிக்கெட்டுக்கு அது ஒருவகையில் பங்காளி முறை. இங்கே பந்து தரையில் பட்டு எழும். அங்கே பந்து தரையைத் தொடாமலே, 60 அடி 6 அங்குலத் தூரத்திலிருந்து, மணிக்கு ஏறத்தாழ 150 கிலோமீட்டர் வேகத்தில் வரும். உருண்டைத் தடியோடு நிற்பவருக்குக் கிடைக்கும் அவகாசம் அரை விநாடிக்கும் குறைவு. அந்த அரை விநாடியின் அவஸ்தையை அனுபவித்தவனுக்கே ஆட்டத்தைப் பற்றிப் பேச யோக்கியதை உண்டு என்பது பழைய ஆட்டக்காரர்களின் திடமான அபிப்பிராயமாக இருந்தது.

அந்த அபிப்பிராயத்தின் அடித்தளத்தை அசைத்தவர் ஓர் இரவுக் காவலாளி. கான்சாஸ் மாநிலத்தின் லாரன்ஸ் நகரில், அவரைக் கொட்டையும் பன்றி இறைச்சியும் டப்பாவில் அடைக்கும் தொழிற்சாலையில் காவல் பார்த்துக்கொண்டிருந்த பில் ஜேம்ஸ், ஊர் உறங்கும் வேளையில் ஆட்டக் கணக்குகளைக் கூட்டியும் கழித்தும் பார்த்து, 1977ஆம் ஆண்டு தம் கைக்காசைப் போட்டு ஒரு சிறு புத்தகம் வெளியிட்டார். தொழில்முறை ஆட்டத்தில் ஒருநாளும் அவர் தடி பிடித்ததில்லை. அந்த மனிதரை 2002ஆம் ஆண்டின் இறுதியில் பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணி தன் ஆலோசகராக அமர்த்திக்கொண்டது. 1918க்குப் பிறகு பட்டமே காணாதிருந்த அவ்வணி 2004இல் பட்டம் வென்றது. காவலாளியால்தான் வென்றது என்று சொல்வது மிகை. காவலாளியைக் கேட்டதனால் கெட்டுப்போகவில்லை என்று மட்டும் தாராளமாகச் சொல்லலாம்.

அவர் கண்டதில் மர்மம் ஏதுமில்லை. ஆயிரம் வாய்ப்பில் முந்நூறு முறை அடிக்கிறவன் பெரிய வீரன்; இருநூற்று எழுபத்தைந்து முறை அடிக்கிறவன் சாதாரணன். இருவருக்கும் உள்ள வித்தியாசத்தைச் சுருக்கினால், நாற்பது வாய்ப்பில் ஒருவனுக்குப் பன்னிரண்டு, மற்றவனுக்குப் பதினொன்று. அதாவது இரண்டு வார ஆட்டத்தில் ஏறக்குறைய ஒரே ஓர் அடி. நாள் தவறாமல் பக்கத்திலிருந்து பார்க்கிற பயிற்சியாளனாயினும், தானே ஆடிக் களைத்த மாஜி வீரனாயினும், நாற்பதில் ஒன்றைக் கண்ணால் கண்டுவிட முடியுமா? முடியாது, கண் பார்ப்பது தோரணையை, தோளின் அகலத்தை, கடைசியாக ஓங்கி அடித்த அடியை. அந்த ஒன்றை எழுதி வைத்து எண்ணியவன்தான் காண்பான்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்த ஆட்டக்காரர்கள் வேதவாக்காக நம்பிய பழைய கணக்குமுறையைப் பரப்பியவரும் ஆட்டத்தால் பெயர் பெற்றவர் அல்லர்; அவர் ஒரு பத்திரிகைக்காரர். இங்கிலாந்தில் பிறந்து, கிரிக்கெட் எழுதிப் பழகிய ஹென்றி சாட்விக், நான்கு தவறான பந்துகளை அடிக்காமல் விட்டு முதல் தளத்துக்கு நடந்துபோகும் உரிமையை, எறிபவனின் பிழையாகக் கருதினாரே தவிர, பொறுத்து நின்றவனின் சாமர்த்தியமாகக் கருதவில்லை. நம் அகலப்பந்தின் ஓட்டம் மட்டையாளர் பெயரில் ஏறாதல்லவா, அதைப் போல. ஆகவே பொறுமைசாலிகளின் மதிப்பு நூறாண்டுக்கு மேல் மலிவாகவே கிடந்தது. அதைக் கண்டு, மலிவு விலைக்கு அவர்களை வாங்கிச் சேர்த்த ஓக்லண்டு அணி, 2002ஆம் ஆண்டுப் பருவத்தில் 103 ஆட்டங்களை வென்றது; அவற்றில் இருபது அடுத்தடுத்து வந்த வெற்றிகள். அவ்வணியின் அன்றைய நிர்வாகி பில்லி பீன் முன்னாள் வீரர்தான் என்பதைக் கவனிக்க வேண்டும். 1980இல், தேகக்கட்டைக் கண்டு மயங்கிய நிபுணர்களால் மகாவீரன் ஆவான் என்று தேர்ந்தெடுக்கப்பட்டு, அப்படி ஆகாமற்போனவர் அவர். கண்ணை நம்பாதே என்ற பாடத்தை அவர் புத்தகத்தில் படிக்க வேண்டியிருக்கவில்லை.

சரி, பிறரைப் பற்றிய தீர்ப்பில் ஆட்டக்காரன் தவறலாம். தான் செய்கிற காரியத்தையாவது அவன் அறிவான் அல்லவா என்று கேட்கலாம். அங்கேதான் விஷயம் சுவாரசியமாகிறது. 'பந்தின்மேல் வைத்த கண்ணை எடுக்காதே' என்று சொல்லாத பயிற்சியாளர் உலகில் இல்லை. 1984இல் டெர்ரி பாஹில், டாம் லாரிட்ஸ் என்ற இரு அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் கண்ணசைவை அளந்து பார்த்தபோது, தேர்ந்த வீரனின் பார்வைகூடப் பந்து தளத்தை எட்டுவதற்கு ஏறத்தாழ ஐந்தரை அடி முன்பே பின்தங்கிவிடுவது தெரிந்தது. கிரிக்கெட்டில் 2000ஆம் ஆண்டு மைக்கேல் லாண்டு, பீட்டர் மெக்லியோடு ஆகியோர் மட்டையாளர்களின் தலையில் காமிராவைப் பொருத்திப் பார்த்தபோது, வீசப்பட்ட கணத்தில் பந்தைப் பார்க்கிற கண், பிறகு அதை விட்டுவிட்டு, அது தரையில் படப்போகும் இடத்துக்கு முன்கூட்டியே தாவிக் காத்திருந்தது. தாவலின் சீக்கிரத்தில்தான் கெட்டிக்காரனுக்கும் மற்றவனுக்கும் பேதம் இருந்தது. வேகப்பந்து கடைசியில் மேலே எழும்புகிறது என்று பேஸ்பால் வீரர்கள் காலங்காலமாகச் சத்தியம் செய்வதும் இந்த ஜாதிதான்: பின்சுழற்சியால் பந்து எதிர்பார்த்த அளவு தாழாமல் வருகிறதே தவிர, மேலே எழும்புவதில்லை. கை சரியாகவே செய்கிறது. வாய்தான் வேறொன்றைச் சொல்கிறது.

இதனால் ஆட்டக்காரன் வாயைத் திறக்கலாகாது என்று நான் சொல்லவரவில்லை. 1941இல் ஆயிரத்துக்கு 406 என்ற விகிதத்தில் அடித்த டெட் வில்லியம்ஸ், பந்து வரக்கூடிய பரப்பை எழுபத்தேழு பந்தளவு இடங்களாகப் பிரித்து, எந்த இடத்துப் பந்தை அடித்தால் தமக்கு என்ன பலன் என்று படம் போட்டே புத்தகம் எழுதினார். நம் சென்னை அசுவின் பந்துவீச்சைப் பற்றிப் பேசும்போதும், 537 டெஸ்ட் விக்கெட் எடுத்த கைக்கும் அதை விளக்குகிற வாய்க்கும் இடையே ஒரு பாலம் இருப்பது தெரிகிறது. ஆனால் இவர்களிடம் இருந்தது அனுபவத்தோடு வேறொன்று: தம்மையே அந்நியனைப் பார்ப்பதுபோல் விலகிநின்று பார்க்கும் சுபாவம். அதையும் சுலபமாகப் பிறருக்கு ஊட்டிவிட முடிவதில்லை. வில்லியம்ஸ் நிர்வகித்த அணி, 1972இல் நூறு ஆட்டங்களில் தோற்றது.

மறுபுறத்தில், எண்ணுகிறவன் தன் எண்ணில் அகப்படாததை இல்லை என்று சாதித்துவிடும் அபாயமும் உண்டு. விலாவைக் குறிவைத்து வந்த முந்தைய பந்தின் நினைவு, குளிரில் தடி அதிர்ந்து உள்ளங்கையில் ஏறும் வலி, எதிரே நிற்பவனுக்குத் தோள் நோகிறது என்று அவன் நடையிலேயே கண்டுகொள்ளும் நுட்பம், இவற்றுக்கு எந்த அட்டவணையிலும் பத்தி கிடையாது; ஆடியவனைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். வழக்கில் சாட்சியைக் கூப்பிடாத நீதிபதி உண்டா? சாட்சியையே தீர்ப்பெழுதச் சொல்கிற நீதிபதியும் இல்லை.

நமக்கு இது புதிய விவகாரமும் அல்ல. கல்கி, 'கர்நாடகம்' என்ற புனைபெயரில் ஆனந்த விகடனில் சங்கீத விமர்சனம் எழுதினார். கச்சேரி மேடையில் பாடிப் பிழைத்தவர் அல்லர். அதற்கும் வெகுகாலம் முன்பே இதே கொல்லிமலைச் சாரலில் ஒரு காட்சி நடந்ததாகப் புறநானூற்றின் 152ஆம் பாட்டு கூறுகிறது. ஒரே அம்பு யானையை வீழ்த்தி, புலி, மான், காட்டுப்பன்றி என்று ஊடுருவி, கடைசியில் உடும்பின்மேல் போய்த் தைக்கிறது. பார்த்துக்கொண்டிருந்தவர் வன்பரணர் என்ற புலவர். கூட வந்தவர்கள் பாணரும் விறலியும். எய்தவன் தன் பெயரைச் சொல்லவில்லை. எய்த திறத்தையும் அவனுடைய தோற்றத்தையும் கண்டு, இவன் கூலிக்கு வேட்டையாடுகிறவன் அல்லன், ஓரியாக இருக்கலாம் என்று புலவர் தாமே ஊகிக்கிறார். பாட்டு முடிந்து தலைவனைச் சுட்டும் சொல் வந்ததும், அவன் நாணுகிறான். அப்புறம் மான் இறைச்சியும் மதுவும் பொன்னும் மணியும் கொடுத்து, பெற்றுக்கொள்ளச் சொல்கிறான். அம்பு எப்படிப் போயிற்று என்பதைப் பற்றி ஓரி ஒரு சொல்லும் பேசியதாகப் பாட்டில் இல்லை.