ஏறியவர் இறங்கி வரும் வழி

தசரா இரவுகளில் மைசூரு அரண்மனையின் ஏறத்தாழ 97,000 மின்விளக்குகள் ஒருசேர ஒளிர்கின்றன. அந்தக் காட்சியைக் காண ஆண்டுதோறும் தமிழகத்திலிருந்தும் குடும்பம் குடும்பமாகச் செல்கிறோம். விழா நெருங்கும்போது பழுதான விளக்குகளை மாற்றுவதற்காகப் பணியாளர்கள் வளைவுகளிலும் கோபுர விளிம்புகளிலும் ஏறுகிறார்கள். அரண்மனையின் நடுக் கோபுரம் 145 அடி உயரமானது. அதே நகரின் புனித பிலோமினா பேராலயத்தின் இரட்டைக் கோபுரங்கள் 175 அடி உயரம் கொண்டவை. இத்தகைய கட்டடங்கள் பொலிவுடன் நிற்க வேண்டுமானால், யாரேனும் ஒருவர் அவற்றின் மீது ஏறித்தான் ஆக வேண்டும்.

உயரத்தில் செய்யும் வேலை அரண்மனையோடு முடிந்துவிடுவதில்லை. மைசூருவில் மட்டுமன்றி நம் ஊர்கள் எல்லாவற்றிலும் அடுக்குமாடிகளின் வெளிச்சுவருக்கு வண்ணம் பூசுவோர், கண்ணாடி துடைப்போர், செல்பேசிக் கோபுரங்களைப் பராமரிப்போர் நாள்தோறும் உயரத்தில்தான் உழைக்கிறார்கள். அவர்களை வேலைக்கு அழைப்பவர்களில் நம் வாடிக்கையாளர்களும் உண்டு. ஒருவர் குடியிருப்போர் சங்கத்தின் பொறுப்பாளர். மற்றொருவர் சிறு ஒப்பந்ததாரர். இன்னொருவர் வீட்டுக் கடன் பெற்று மாடி எழுப்புபவர். கூலி எவ்வளவு, எத்தனை நாளில் முடியும் என்று நாம் தவறாமல் கேட்கிறோம். மேலே ஏதேனும் நேர்ந்தால் அவர் எப்படி இறங்குவார் என்று மட்டும் பெரும்பாலும் கேட்பதில்லை.

விழாமல் தடுத்தால் போதுமா?

தொழிலாளர்கள் பேச்சு வழக்கில் 'சேஃப்டி பெல்ட்' என்று சொல்வதில் இரு வகைகள் உள்ளன. இடுப்பில் மட்டும் கட்டும் பட்டை, விழும்போது ஏற்படும் விசை முழுவதையும் வயிற்றிலும் முதுகெலும்பிலும் இறக்கிவிடும். தோள், மார்பு, தொடை ஆகியவற்றை இணைக்கும் முழு உடல் பட்டையோ அந்த விசையைப் பகிர்ந்தளிக்கிறது. இந்தியத் தரமான ஐஎஸ் 3521 குறிக்கப்பட்ட முழு உடல் பட்டையையே நாம் கேட்டுப் பெற வேண்டும்.

ஆனால் பட்டை விழுவதைத் தடுத்ததோடு ஆபத்து நீங்கிவிடுவதில்லை. பட்டையில் அசைவின்றித் தொங்குபவரின் கால்களில் இரத்தம் தேங்கத் தொடங்குகிறது. இதயத்துக்குத் திரும்பும் இரத்தம் குறைகிறது. சில நிமிடங்களிலேயே மயக்கம் வரலாம். மீட்பு தாமதித்தால் உயிரே போகலாம். தீயணைப்பு வாகனம் நெரிசலைக் கடந்து வந்து ஏணியை நிறுத்தும் வரை காத்திருக்க அவருக்கு நேரம் இல்லை. மீட்புக்கான ஏற்பாடு அந்த இடத்திலேயே ஆயத்தமாக இருக்க வேண்டும்.

இறங்கும் வழியே அடைபட்டுவிடும் நிலையும் உண்டு. 2013 அக்டோபர் 29 அன்று நெதர்லாந்தின் ஊல்ட்கென்ஸ்பிளாட் என்னும் ஊரில், காற்றாலை ஒன்றின் உச்சியில் நால்வர் பராமரிப்புப் பணியில் இருந்தபோது தீப்பற்றியது. இருவர் தப்பினர், இருவர் உயிரிழந்தனர். கர்நாடகத்தின் சித்திரதுர்க்கத்திலும் தமிழகத்தின் முப்பந்தலிலும் காற்றாலைகளின் மீது ஏறுவோருக்கும் இந்த ஆபத்து பொதுவானதே. வழக்கமான ஏணி எட்டாமல் போகும்போது இறங்குவதற்கு வேறொரு வழி வேண்டும். அந்த வழியைத் தருவதே தன்மீட்பு இறங்கு கருவி.

கருவி இயங்கும் விதம்

உறுதியான பிடிமானம் ஒன்றில் கருவியைப் பொருத்தி, அதன் கயிற்றின் முனையிலுள்ள கொக்கியை உடற்பட்டையில் மாட்டிக்கொண்டு இறங்க வேண்டும். கருவிக்குள் இருக்கும் தடை, இறங்கும் வேகத்தைக் கட்டுப்படுத்துகிறது. சிலவற்றில் அந்தத் தடை தானாகவே இயங்கும். வேகம் வினாடிக்கு 2 மீட்டரைத் தாண்டாது. வேறு சிலவற்றில் கைப்பிடியை அழுத்தினால் இறங்கலாம், விட்டால் நின்றுவிடும். அச்சத்தில் கைப்பிடியை மிகையாக இறுக்கிவிட்டாலும் நின்றுவிடும்படி அமைக்கப்பட்ட கருவிகளும் உள்ளன.

இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல், தடையில் வெப்பமாக மாறுகிறது. 100 கிலோ எடையுள்ளவர் 100 மீட்டர் இறங்கினால் அந்த ஆற்றல் ஏறத்தாழ 1 லட்சம் ஜூல். ஐரோப்பியத் தரமான ஈஎன் 341 இந்தக் கணக்கின்படி கருவிகளை ஏ முதல் டி வரை நான்கு வகைகளாகப் பிரிக்கிறது. ஏ வகை 75 லட்சம் ஜூல் வரை தாங்க வேண்டும். சி வகைக்கு அந்த அளவு 5 லட்சம் ஜூல். அதாவது மேற்சொன்ன கணக்கில் ஐந்தே முறை. டி வகை ஒரே ஒரு முறை இறங்குவதற்கு மட்டுமே உரியது. விலையை மட்டும் பார்த்து வாங்குபவர் இந்த வேறுபாட்டை அறியாமல் போகலாம்.

ஏறுவதற்கு முன் சரிபார்க்க வேண்டியவை

முதலாவது, கயிற்றின் நீளம். அது தரையைத் தொட வேண்டும். மூன்றாம் மாடியில் முடிந்துவிடும் கயிறு யாரையும் காப்பதில்லை. இரண்டாவது, எடை. கருவியில் குறித்துள்ள குறைந்தபட்ச, அதிகபட்ச வரம்புகளுக்குள் இறங்குபவரின் எடை, அவர் சுமக்கும் பொருள்களையும் சேர்த்து அமைய வேண்டும். மூன்றாவது, பிடிமானம். தண்ணீர்க் குழாய், சன்னல் கம்பி, மெல்லிய கைப்பிடிச் சுவர் ஆகியவை பிடிமானம் ஆகா. எந்த இடம் தாங்கும் என்பதைப் பொறியாளர் ஒருவர் முன்கூட்டியே தீர்மானித்துக் குறித்துவைக்க வேண்டும். நான்காவது, விளிம்பு. கூரிய கான்கிரீட் விளிம்பில் உராயும் கயிறு அறுபடக்கூடும். அங்கே விளிம்புக் காப்பு அவசியம். ஐந்தாவது, இறங்கும் பாதை. மின்கம்பி, வேலிக்கம்பி, கண்ணாடிக் கூரை ஆகியவை குறுக்கே இருக்கலாகாது.

இறங்கும்போது கடைப்பிடிக்க வேண்டிய ஒழுங்கு எளியது. கருவியின் கொக்கியை உடற்பட்டையில் மாட்டி, அதன் பூட்டு மூடியிருப்பதைக் கண்ணால் பார்த்து, கையாலும் இழுத்துப் பார்க்க வேண்டும். கயிற்றைத் தளர்வின்றி வைத்து, உடல் எடையைக் கருவி ஏற்றுக்கொண்ட பின்னரே பழைய இணைப்பைக் கழற்ற வேண்டும். எந்த நொடியிலும் உடல் ஏதேனும் ஓர் இணைப்பில் இருந்தாக வேண்டும். விளிம்பிலிருந்து குதிக்கக் கூடாது. மெல்ல அமர்ந்தவாறு இறங்கி, கால்களைச் சற்று அகற்றிச் சுவரிலிருந்து உடலை விலக்கிக்கொள்ள வேண்டும். கைப்பிடியால் இயக்கும் கருவியாயின் கையுறை கட்டாயம். தரையைத் தொடும்போது முழங்கால்கள் சற்று மடங்கியிருக்கட்டும்.

கருவியைப் பேணுவதிலும் கவனம் வேண்டும். வெயில், அமிலம், வண்ணக் கரைப்பான் ஆகியவை கயிற்றின் இழைகளைத் தளர்த்திவிடும். தயாரிப்பாளர் குறித்த காலத்தில், குறைந்தது ஆண்டுக்கு ஒருமுறையாவது, தகுதியுள்ளவர் அதைப் பரிசோதித்துப் பதிவேட்டில் எழுத வேண்டும். அவசர மீட்புக்கு மட்டுமே உரிய கருவியை அன்றாட வேலைக்கோ பயிற்சிக்கோ பயன்படுத்தலாகாது. பயிற்சிக்கென்று தனிக் கருவி வேண்டும். பயிற்சியும் தாழ்வான உயரத்தில், பயிற்சியாளரின் கண்காணிப்பில், மற்றொரு காப்புக் கயிற்றுடன் தொடங்க வேண்டும். புகைக்கு நடுவே குறிப்பேட்டைப் புரட்டிப் படிக்க யாருக்கும் நேரமிராது.

தன்மீட்புக் கருவிக்கும் எல்லை உண்டு. அது நினைவோடு இருக்கும், பயிற்சி பெற்ற ஒருவருக்கே உதவும். காயமுற்றவரும் மயங்கியவரும் தாமாக இறங்க முடியாது. ஆகவே உயரத்தில் எவரையும் தனியே வேலை செய்ய விடக் கூடாது. மீட்கத் தெரிந்த மற்றொருவர் அருகில் இருக்க வேண்டும். கீழே இறக்கியவரைப் படுக்க வைத்து, சுவாசத்தைக் கவனித்து, தாமதமின்றி 108-ஐ அழைக்க வேண்டும்.

இருபது ரூபாயின் கடமை

எத்தனை கவனமாக இருந்தாலும் விபத்து நேரலாம். அப்போது அந்தத் தொழிலாளியின் குடும்பம் நிலைகுலைந்துவிடாமல் தாங்க, பிரதமர் சுரக்ஷா பீமா யோஜனா உள்ளது. வங்கிக் கணக்கு வைத்திருக்கும் 18 முதல் 70 வயது வரையிலான எவரும் ஆண்டுக்கு 20 ரூபாய் பிரீமியத்தில் இதில் சேரலாம். விபத்தில் மரணமோ முழு ஊனமோ நேர்ந்தால் 2 லட்சம் ரூபாயும், நிரந்தரப் பகுதி ஊனத்துக்கு 1 லட்சம் ரூபாயும் கிடைக்கும். காப்பீட்டுக் காலம் ஜூன் 1 முதல் மே 31 வரை. பிரீமியம் கணக்கிலிருந்து தானாகப் பிடிக்கப்படுவதால், அந்த நாளில் போதிய இருப்பு இருக்க வேண்டும். உங்களிடம் வேலை செய்பவர் இத்திட்டத்தில் சேர்ந்திருக்கிறாரா என்று ஒருமுறை விசாரியுங்கள். இல்லையெனில் அவரை அருகிலுள்ள கிளைக்கு அழைத்து வாருங்கள்.

காப்பீடு குடும்பத்துக்குப் பணம் தரும். மனிதரைத் திருப்பித் தராது. அடுத்த முறை உங்கள் கட்டடத்துக்கு வண்ணம் பூச ஆட்கள் வரும்போது, கூலி பேசும் முன் கயிற்றையும் பட்டையையும் பிடிமானத்தையும் காட்டச் சொல்லுங்கள். அவற்றுக்கு ஆகும் செலவையும் மதிப்பீட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள். மாலையில் அவர் தம் வீடு திரும்பும்போதுதான் அந்த வேலை நிறைவு பெறுகிறது.