பிள்ளைக்கு எந்த எடிட்டர்? 'பினாங்கு' என்று எழுதிப் பாருங்கள்!

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"பையன் பைத்தான் படிக்க வேண்டும் என்கிறான். அதை எழுதுவதற்கு எந்த எடிட்டரைப் போட்டுக் கொடுப்பது?" பெற்றோர்கள் கேட்கும் கேள்வி இது. 2017ஆம் ஆண்டு படிவம் 1இல் அடிப்படைக் கணினி அறிவியல் பாடம் தொடங்கிய பிறகு, நிரல் எழுதுவது வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. தெரிந்தவர்களைக் கேட்டால் ஆளுக்கொரு பெயர் சொல்கிறார்கள். சிலர், "உங்கள் மடிக்கணினி பழையது, முதலில் அதை மாற்றுங்கள்" என்றும் சொல்லிவிடுகிறார்கள். இந்த அறிவுரையால் பணம் போகிறது. வாங்க முடியாத வீட்டில், பிள்ளையின் ஆசை அத்தோடு நின்றுவிடுகிறது.

பைத்தான் ஒரு ஸ்கிரிப்டிங் மொழி. எழுதிய வரிகளை உடனே இயக்கிப் பார்த்துவிடலாம். அந்த வரிகள் இருப்பது ஒரு சாதாரண எழுத்துக் கோப்பில்தான். அதை எழுதவும் திருத்தவும் உதவும் மென்பொருளே எடிட்டர். ஓர் எடிட்டரில் எழுதியதை இன்னோர் எடிட்டரில் திறக்கலாம். ஆகவே இது வாழ்நாள் முடிவல்ல. கிட்ஹப் நிறுவனம் 2014இல் வெளியிட்ட ஆட்டம் என்ற எடிட்டரைப் பலர் விரும்பிப் பயன்படுத்தினார்கள். 2022 டிசம்பரில் அது நிறுத்தப்பட்டது. எடிட்டர்தான் போனது, எழுதி வைத்த நிரல்கள் அப்படியே இருந்தன.

பைசார்ம் போன்ற பெரிய மென்பொருள்கள் பல கோப்புகள் கொண்ட வேலைக்கு அருமையானவை. பத்து வரி எழுதும் மாணவனுக்கு அவை தேவையில்லை. பழைய கணினியில் அவை திறப்பதற்குள் அவன் எழுந்து விளையாடப் போய்விடுவான். மறுபக்கம், வேர்டு மென்பொருளில் நிரல் எழுதவே கூடாது. அது நேரான மேற்கோள் குறியை அழகுக்காக வளைத்து வைக்கும். பைத்தான் அதைப் பிழை என்று தள்ளிவிடும்.

அப்படியானால் எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது? நம் பிள்ளைகளுக்கு நான் வைக்கும் முதல் சோதனை தமிழ்தான். இதை மொழிப்பற்று என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். தமிழ்ப்பள்ளியில் படித்த பிள்ளை முதலில் தன் பெயரையும் ஊரையும்தான் திரையில் வரவழைக்கப் பார்க்கும். அங்கே கேள்விக்குறிகள் வரிசையாக வந்தால், தப்பு தன்னுடையது என்றுதான் நினைக்கும்.

2008 டிசம்பரில் வெளிவந்த பைத்தான் 3, மாறிகளின் பெயர்களையே தமிழில் வைக்க இடம் கொடுத்தது. முத்தையா அண்ணாமலை உருவாக்கிய எழில் என்னும் தமிழ் நிரல் மொழியும் பைத்தானின் மேல் கட்டப்பட்டதுதான். அதில் 'பதிப்பி' என்று எழுதினால் திரையில் அச்சாகும். ஆக, மொழி தயாராகவே இருக்கிறது. எடிட்டர் தயாரா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

'ஊர்' என்று ஒரு மாறி வைத்து, அதற்கு 'பினாங்கு' என்ற மதிப்பைக் கொடுங்கள். அதை அச்சிடச் சொல்லுங்கள். கோப்பைச் சேமித்து, மூடி, மறுபடி திறந்து பாருங்கள். எழுத்துகள் கேள்விக்குறியாகி இருந்தால் அந்த எடிட்டர் யுடிஎஃப்-8 முறையில் சேமிக்கவில்லை என்று பொருள். விண்டோசின் பழைய நோட்பேடில் இந்தத் தொல்லை உண்டு. 2019இல்தான் விண்டோஸ் 10இன் நோட்பேடு யுடிஎஃப்-8ஐ வழக்க முறையாக்கியது.

அடுத்து 'கொடி' என்று தட்டச்சு செய்யுங்கள். கொம்பு ககரத்துக்கு முன்னால் நிற்க வேண்டும். சில எடிட்டர்களில், குறிப்பாக லினக்ஸ் கணினிகளில், அது பின்னால் போய் நிற்பதுண்டு. கோப்பில் எழுத்து சரியாகவே இருக்கும். திரையில் வரையும் பகுதிக்குத்தான் தமிழ் தெரியவில்லை. பல எடிட்டர்கள் எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம் என்ற கணக்கில் அமைந்தவை. நம் ணகரமும் ரகரமும் அந்தக் கணக்குக்குள் அடங்குமா?

இன்னொன்று, இதில் எடிட்டர் மீது குற்றமில்லை. 'பினாங்கு' என்ற சொல்லின் நீளத்தைப் பைத்தானிடம் கேட்டால் 8 என்று சொல்லும். நமக்கோ பி, னா, ங், கு என்று நான்கே எழுத்து. யூனிகோடில் மெய்யும் அதன் குறியும் தனித்தனியாக எண்ணப்படுவதால் வரும் கணக்கு இது. தமிழ்க் கணக்கில் எண்ண வேண்டுமென்றால் ஓப்பன்-தமிழ் என்ற இலவச நிரல் தொகுப்பு இருக்கிறது. இதற்காக எடிட்டரை மாற்றிக் கொண்டிருக்க வேண்டாம்.

பைத்தானில் வரியின் தொடக்கத்தில் விடும் இடைவெளிக்கே அர்த்தம் உண்டு. ஒரு வரியில் டேப் விசை, அடுத்த வரியில் வெற்றிடம் என்று கலந்து விட்டால் நிரல் நின்றுவிடும். கண்ணுக்கு இரண்டும் ஒன்று போலவே தெரியும்! டேப் விசையைத் தட்டினால் நான்கு வெற்றிடம் வைக்கும் எடிட்டராகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, பெயரைச் சொல்லுங்கள் என்கிறீர்கள். விண்டோஸ் கணினி வைத்திருக்கும் புதிய மாணவனுக்கு நான் சொல்வது தோனி. கிரிக்கெட் வீரர் அல்ல, எஸ்தோனியாவின் தார்த்து பல்கலைக்கழகத்தில் பிறந்த இலவச எடிட்டர். பைத்தானும் அதோடு சேர்ந்தே வந்துவிடும். நிரலைப் படிப்படியாக இயக்கி, ஒவ்வொரு மாறியிலும் என்ன இருக்கிறது என்பதைப் பக்கத்திலேயே காட்டும். பள்ளிக் கணினியில் மென்பொருள் நிறுவ அனுமதி இல்லையென்றால், பென்டிரைவில் வைத்து இயக்கும் பதிப்பும் உண்டு.

ஆறு மாதம் பழகியபின், மைக்ரோசாப்ட் 2015இல் அறிமுகப்படுத்திய விஎஸ் கோடுக்குப் போகலாம். அதுவும் இலவசம். குரோம் உலாவியின் அடித்தளத்தில் அமைந்திருப்பதால் தமிழை நன்றாகக் காட்டுகிறது. லினக்ஸ் வைத்திருப்பவர்கள் முதலிலேயே இதை எடுத்துக்கொள்ளலாம். பைத்தானைத் தனியாக நிறுவ வேண்டும், அவ்வளவுதான். 2021இல் அறிமுகமான கோபைலட் போன்ற செயற்கை அறிவு உதவிகளும் இதில் வரும். நாம் யோசிப்பதற்குள் அவை வரியை முடித்துவிடும். கற்கும் பிள்ளைக்கு அதை முதலில் அணைத்து வையுங்கள் என்பது என் கட்சி.

வேலைக்குப் போகும் வயதில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 1972இல் இன்டெல் தன் முதல் வெளிநாட்டு ஆலையைத் திறந்தது நம் பினாங்கில்தான். சிப்புகளை வடிவமைக்கும், சோதிக்கும் துறையில் பைத்தான், பெர்ல், டிசிஎல் போன்ற ஸ்கிரிப்டிங் மொழிகளுக்கு நிறைய வேலை உண்டு. அங்கே உட்கார வைக்கும் லினக்ஸ் சர்வரில் உங்களுக்குப் பிடித்த எடிட்டர் இல்லாமல் போகலாம். 1976இல் பில் ஜாய் எழுதத் தொடங்கிய விஐ எடிட்டரோ, அதன் வழிவந்த விம் எடிட்டரோ பெரும்பாலும் இருக்கும். அதில் தமிழ் ஒழுங்காகத் தெரியும் என்று எதிர்பார்க்க வேண்டாம். நுழைந்தவர்கள் வெளியே வரும் வழி தெரியாமல் விழிப்பதும் வழக்கம். எஸ்கேப் விசையைத் தட்டி, முக்காற்புள்ளி, கியூ, ஆச்சரியக்குறி மூன்றையும் தட்டச்சு செய்து, என்டரைத் தட்டுங்கள். சேமிக்காமல் வெளியே வந்துவிடலாம். சேமித்துவிட்டு வர வேண்டுமென்றால் கியூவுக்கு முன்னால் ஒரு டபிள்யூ, ஆச்சரியக்குறி வேண்டாம்.