முதல்ல அவங்களைக் கேளுங்க சார்!

ராஜபாளையத்துக்காரர்களுக்கு பேண்டேஜ் துணி புதுசு இல்லை. பக்கத்துச் சத்திரப்பட்டியில் தறி போட்டு நெய்து ஊர் ஊராக ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்புகிறார்கள். ஆனால், அதே துணி நம் வீட்டுப் பெண்ணின் மார்பில் ஏறிவிட்டால் மட்டும் தெருவே குசுகுசுக்கும். 'மார்ல கட்டியாம்... எடுத்துட்டாங்களாம்!'

புற்றுநோய்க்காக மார்பகத்தை எடுத்தபின், புதிதாக ஒன்றை அமைத்துக்கொள்ளலாமா, வேண்டாமா? மதுரைக்கு பஸ் ஏறிப் போய் உட்கார்ந்தால் டாக்டர் இப்படிக் கேட்கக்கூடும். சட்டென்று பதில் வருவது புருஷனிடமிருந்து. ''அதெல்லாம் எதுக்கு டாக்டர்? உயிர் பிழைச்சாப் போதும்!''

தீபாவளிப் புடவைக்கு மூணு மணி நேரம் கலர் பார்த்த மனிதர், இதற்கு மூணே விநாடியில் தீர்ப்பு சொல்லிவிடுகிறார்.

கொஞ்சம் விவரம் தெரிந்துகொள்ளுங்கள். ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் பலருக்குக் கட்டியை மட்டும் எடுத்தாலே போதும். முழுசாக எடுக்க நேர்ந்தால் இரண்டு வழி. ஒன்று, 1962-ல் அமெரிக்காவில் முதன்முதலாக வைக்கப்பட்ட சிலிக்கான் பை. இதற்கு ஆயுசுக்கும் கியாரண்டி கிடையாது. பிற்பாடு மாற்ற வேண்டி வரலாம். ரேடியேஷன் கொடுத்தவர்களுக்குப் பையைச் சுற்றி இறுகிப்போகும் வாய்ப்பும் அதிகம். இன்னொன்று, வயிற்றிலிருந்தோ முதுகிலிருந்தோ சொந்தச் சதையை எடுத்து வைப்பது. பெரிய ஆபரேஷன், எடுத்த இடத்திலும் தழும்பு விழும். எதைச் செய்தாலும் பழைய தொடு உணர்வு அப்படியே திரும்பி வராது.

'நோய் திரும்ப வந்துடுமோ?' இந்த ஆபரேஷன் அதைக் கூப்பிடுவதும் இல்லை, விரட்டுவதும் இல்லை. மார்பகத்தை எடுக்கும்போதே செய்யலாம். வருஷம் கழித்தும் செய்யலாம். வேண்டாமென்றால் உள்ளாடைக்குள் வைத்துக்கொள்ளும் செயற்கை மார்பகம் உண்டு. 'எதுவும் வேணாம், இப்படியே இருக்கேன்' என்றால் அதுவும் சரியான முடிவுதான்.

பணக்காரர் சமாச்சாரமா? 2018-ல் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையிலேயே இதற்கு இலவச கிளினிக் திறந்தார்கள்.

மிச்சமிருப்பது கூச்சம். ராஜபாளையத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் இருக்கிற ஸ்ரீவில்லிபுத்தூரில்தான், ஆயிரம் வருஷத்துக்கு முன்பே ஆண்டாள் தன் மார்பைப் பற்றியும் ஆசையைப் பற்றியும் நாச்சியார் திருமொழியில் பளிச்சென்று பாடினாள். ஒரு மார்பைத் திருகி எறிந்த கண்ணகியைத் தெய்வமாக்கிக் கும்பிட்ட ஜனங்கள் நாம். கட்டின பெண்டாட்டியிடம் ஒரு வார்த்தை கேட்க என்ன கூச்சம்?

அதனால் சார், டாக்டர் கேட்டதும் வாயைத் திறக்காதீர்கள். பக்கத்தில் திரும்பி, ''உனக்கு என்னம்மா தோணுது?'' என்று கேளுங்கள். யோசிக்கட்டும். 'வேணும்' என்றால் ஆபீசுக்கு லீவு போடுங்கள். 'வேணாம்' என்றால் அந்தப் பேச்சை மறுபடி எடுக்காதீர்கள்.

பதில் எதுவானாலும் திரும்பும் வழியில் ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கி, கால் கிலோ பால்கோவா வாங்கிக் கொடுங்கள். அதற்கு மட்டும் நீங்களே முடிவெடுக்கலாம்!